ஜார்ஜ் கிராஸ்: மால்டாக்காரர்கள் தொடங்கிய கிளப்புக்கு ஏன் இந்தப் பெயர்?

கேட்டவர்: குமரன்_மேற்குமெல்போர்ன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மெல்போர்னில் கரோலின் ஸ்பிரிங்ஸ் பக்கம் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. பையனுக்குப் பதினொரு வயது, கால்பந்துப் பைத்தியம். ஹாலில் சோபா காலுக்கு நடுவே கோல் அடித்து அடித்து, டிவி ஸ்டாண்டில் ஒரு கண்ணாடி போயே போய்விட்டது. சரி, ஏதாவது ஒரு கிளப்பில் சேர்த்துவிடலாம் என்று பார்த்தால், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ‘கரோலின் ஸ்பிரிங்ஸ் ஜார்ஜ் கிராஸ்’.

பெயரைக் கேட்டதும் ஏதோ சர்ச் நடத்தும் கிளப் என்றுதான் நினைத்தேன். போன வாரம் சும்மா ஒரு மேட்ச் பார்க்கப் போனோம். வேலியில் சாய்ந்துகொண்டு நான்கைந்து தாத்தாக்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். துபாயில் வேலை பார்த்தவன் என்பதால் அரபி காதுக்குப் பழக்கம். பாதி அரபி போல இருந்தது, நடுநடுவே இத்தாலியன் மாதிரி வார்த்தைகள். பக்கத்தில் இருந்த ஒரு அப்பாவிடம் கேட்டேன். "மால்டீஸ் மொழி, இது அவங்க ஆரம்பிச்ச கிளப்" என்றார். ஒரு காலத்தில் தேசிய லீக்கிலேயே ஆடியது என்றும் சொன்னார். அதற்குள் கோல் விழுந்து பேச்சு நின்றுபோனது.

என் கேள்விகள்: மால்டாக்காரர்கள் கிளப்புக்கு எதற்கு இங்கிலீஷ் ராஜா பெயர்? தேசிய லீக் கதை உண்மையா? அப்படியென்றால் இப்போது ஏன் கீழ் டிவிஷனில் இருக்கிறது? முக்கியமாக, இது அவர்கள் ஆட்களுக்கான கிளப்பா, நம் பிள்ளைகள் போனால் ஒட்டுமா? வேறொரு கிளப்பில் விசாரித்தபோது ஃபீஸ் ஆயிரக்கணக்கில் சொன்னார்கள், அதோடு "இடம் இருந்தால் கூப்பிடுகிறோம்" என்று சொன்ன விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

ரகு_டார்னீட்

அண்ணே, பேசாமல் கிரிக்கெட்டில் போடுங்கள். நம் ஆட்களே பத்து டீம் வைத்திருக்கிறார்கள், ஃபீஸும் கம்மி. ஜூலை மாசக் குளிரில் காலையில் மைதானத்து ஓரம் நின்று பார்த்தால்தான் கால்பந்து அப்பாக்களின் கஷ்டம் தெரியும்.

உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாது. சன்ஷைன் பெரியவர் ஒருவர் இந்தக் குழுவில் இருக்கிறார், அவர் பார்த்தால் விடமாட்டார்.

பழைய_சன்ஷைன்

ரகு கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா? தம்பி குமரன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எண்பதுகளின் நடுவில் இங்கே வந்தவன். முதல் வேலை இந்த மேற்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், இரவு ஷிஃப்ட். ஃபோர்மன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், தேநீர் இடைவேளையில் சீட்டு ஆடுபவர்கள் எல்லாருமே மால்டா ஆட்கள். அவர்கள் வாயால் கேட்டதும், அப்புறம் ஆசைப்பட்டு நானே தேடி வாசித்ததும்தான் இது.

முதலில் பெயர். ஜோர்ஜ் கிராஸ் என்பது ஆள் இல்லை, பதக்கம். ஆறாம் ஜோர்ஜ் மன்னர் 1940இல் ஏற்படுத்தியது. போர்முனையில் எதிரிக்கு முன்னால் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், மற்ற இடங்களில், முக்கியமாகச் சாதாரண மக்கள் காட்டும் வீரத்துக்கு இது. தகுதியில் இரண்டும் சமம். 1942 ஏப்ரல் 15ஆம் தேதி அந்த மன்னர் இந்தப் பதக்கத்தை ஒரு மனிதருக்குக் கொடுக்காமல், மால்டா தீவுக்கே கொடுத்தார். முழுத் தீவுக்கும் சேர்த்து ஒரு பதக்கம்.

ஏன் கொடுத்தார்? 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கிய மறுநாளே அங்கே குண்டு விழத் தொடங்கிவிட்டது. மால்டா, கோசோ எல்லாம் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீட்டர்தான் அந்த நாடு. பிரிட்டிஷ் கடற்படைக்கு மத்தியதரைக் கடலின் நடுவில் அது ஒரு துறைமுகம், சிசிலியில் இருந்து விமானம் கிளம்பினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். இத்தாலிக்காரரும் ஜெர்மன்காரரும் மாறி மாறி அடித்தார்கள். சனம் சுண்ணாம்புக் கல்லைக் கையால் குடைந்து பதுங்கு குழி வெட்டிக்கொண்டு உள்ளே கிடந்தது. நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. குண்டைவிடப் பசிதான் பெரிதாக இருந்ததாம். 1942 ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்களை ஒரே தொடராக அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்தது ஐந்து. அதில் கடைசியாக வந்தது ‘ஒஹாயோ’ என்ற எண்ணெய்க் கப்பல். அது மூழ்காமல் இருக்க இரண்டு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டி அணைத்தபடி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அது துறைமுகத்துக்குள் நுழைந்தது ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். மால்டாக்காரரிடம் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் கேட்காமலே மிச்சக் கதை வரும்.

என்னோடு வேலை செய்த கிழவர் ஒருவர் அந்தக் குழிகளுக்குள் வளர்ந்தவர். சாப்பாட்டுக்குக் கொண்டுவருவது எப்போதும் ஒன்றுதான்: ‘ஹோப்ஸ் பிஸெய்ட்’. முரட்டுத் தோல் ரொட்டியை வெட்டி, தக்காளியை அதன்மேல் தேய்த்து, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, டியூனா மீனும் உப்பில் ஊறிய கேப்பர்ஸும் வைப்பார். தின்று முடித்த பிறகு மேசையில் சிந்திய துகள்களை விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் போடுவார். அதன் பிறகுதான் காகிதத்தை மடிப்பார். இளம் பெடியள் சிரிப்பார்கள். அவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

அந்தப் பதக்கத்தின் படம் இன்றைக்கும் மால்டாக் கொடியின் மூலையில் இருக்கிறது. ஆகவே 1947இல் மெல்பேர்ணில் இருந்த மால்டா ஆட்கள் ஒரு உதைபந்தாட்டக் கழகம் தொடங்கி ஜோர்ஜ் கிராஸ் என்று பெயர் வைத்தபோது, பதக்கம் கிடைத்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்களுக்கு அது ராஜா பெயர் இல்லை, ஊர்ப் பெயர்.

ஆனால் இதில் இன்னொரு கெட்டித்தனமும் உண்டு என்பது என் எண்ணம். வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை நடந்த காலம் அது. 1916இல் ‘கான்ஜ்’ என்ற பிரெஞ்சுக் கப்பலில் 214 மால்டாக்காரர் வேலை தேடி வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைகள், தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. கட்டாயப் படைச் சேர்ப்பு பற்றிய பொதுவாக்கெடுப்பு நடக்கவிருந்த நேரம். நம் ஆட்களைப் போருக்கு அனுப்பிவிட்டு வேலையை வந்தவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிடும் என்று அரசாங்கத்துக்குப் பயம். அப்போதைய குடிவரவுச் சட்டப்படி வருகிறவனுக்கு ஏதாவது ஐரோப்பிய மொழியில் சொல்வதெழுதுதல் வைக்கலாம். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். 214 பேருக்கும் டச்சு மொழியில் வைத்தார்கள். யார் பாஸாவது? கப்பல் அப்படியே நியூ கலிடோனியாவுக்குப் போனது. பிறகு சிட்னிக்குக் கொண்டுவந்து துறைமுகத்திலேயே தடுத்து வைத்திருந்து, 1917இல்தான் இறங்கவிட்டார்கள்.

இந்தக் கதையைத் தகப்பன் சொல்லிக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகம், கழகத்துக்கு மன்னர் கொடுத்த பதக்கத்தின் பெயரை வைக்கிறது. அதைப் பார்த்து ‘நீ அந்நியன்’ என்று எந்த வெள்ளைக்காரன் சொல்வான்? இதை நான் சொன்னபோது அந்தக் கிழவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "நல்ல பெயர்தானே" என்றார்.

1948இல் மால்டாவோடு அவுஸ்திரேலியா, குடியேற வருபவர்களின் கப்பல் செலவுக்கு உதவும் ஒப்பந்தம் போட்டது. அதன் பிறகுதான் கப்பல் கப்பலாக வந்தார்கள். அங்கே கப்பல் கட்டும் துறையும் பிரிட்டிஷ் படையும் சுருங்கச் சுருங்கச் சனத்துக்கு வேலை இல்லை. 1954இல் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் தீவை விட்டுக் கிளம்பினார்கள், பெரும்பகுதி இங்கேதான். மொத்தச் சனத்தொகையே மூன்று லட்சத்துச் சொச்சம் இருந்த நாடு அது. மெல்பேர்ணில் வந்து இறங்கியவர்கள் சன்ஷைன், சென்ட் அல்பன்ஸ், ஃபுட்ஸ்கிரே, அல்டோனா என்று தொழிற்சாலை இருந்த பக்கமாகவே குடியேறினார்கள். காணி மலிவு, வேலைக்கு சைக்கிளில் போகலாம். வீட்டை அவர்களே சனி ஞாயிறில் கட்டிக்கொள்வார்கள், அண்ணன் சுவர் எழுப்பினால் மச்சான் கூரை போடுவான்.

உதைபந்தாட்டம் அவர்களுக்குப் புதிது இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மால்டாவில் விதைத்துவிட்டுப் போன விளையாட்டு அது. அவர்களுடைய தேசிய அணி பெரிய ஆட்டங்கள் ஆடிய கிசிரா எம்பயர் ஸ்டேடியத்தில் புல்லே கிடையாது, இறுகிய மண் தரை. 1971இல் இங்கிலாந்து அணியே அந்த மண்ணில் வந்து ஆடி ஒரு கோலில் தப்பியது. அப்படிப்பட்ட தரையில் கற்றவர்களுக்கு மெல்பேர்ண் குளிர்காலச் சேறு புது அனுபவமாக இருந்திருக்கும்.

இங்கே அப்போது பெரிய விளையாட்டு ஃபுட்டி என்கிற அவுஸ்திரேலிய விதிக் கால்பந்துதான், இப்போதும் அதுதான். சாக்கர் வெளிநாட்டான் விளையாட்டு என்று நக்கல் செய்வார்கள். வந்தவர்கள் கவலைப்படவில்லை. இத்தாலியருக்கு ஜுவென்டஸ், யூதருக்கு ஹக்கோவா, குரோவாசியருக்கு குரோவாசியா, கிரேக்கருக்கு சவுத் மெல்பேர்ண் ஹெல்லாஸ் என்று ஆளுக்கொரு கழகம். ஞாயிறு பூசை முடிந்தால் மைதானம். அங்கே வேலை விசாரிக்கலாம், பெண் பார்க்கலாம், ஊர்ச் செய்தி கேட்கலாம். நாங்கள் பிறகு வந்து கோயிலும் சங்கமும் கட்டினோம், அவர்கள் கோல் போஸ்ட் நட்டார்கள்.

ஜோர்ஜ் கிராஸின் பெரிய வெற்றி 1964இல். நாடு முழுவதற்கும் ‘அவுஸ்திரேலியா கிண்ணம்’ என்று 1962இல் இருந்து 1968 வரை ஒரு நொக்அவுட் போட்டி நடந்தது. 1962இல் யூகோஸ்லாவியரின் யூகல் வென்றது, 1963இல் செக்காரரின் ஸ்லாவியா, 1964இல் ஜோர்ஜ் கிராஸ், 1965இல் சிட்னி ஹக்கோவா. பட்டியலே ஒரு குடிவரவுப் பதிவேடு மாதிரித்தான் இருக்கும். அதே 1964 செப்டெம்பர் 21இல்தான் மால்டா சுதந்திரம் பெற்றது. அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஃபோர்மன் சுதந்திரத்துக்கு முன்னால் கிண்ணத்தைத்தான் சொல்வார்.

இனி உங்கள் தேசிய லீக் கேள்வி. உண்மைதான். தேசிய சாக்கர் லீக் 1977இல் தொடங்கியது. 1984இல் அதை 24 கழகமாக்கி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். அந்த 24இல் மூன்று மால்டா ஆட்களுடையவை: மெல்பேர்ணில் சன்ஷைன் ஜோர்ஜ் கிராஸும் கிரீன் கலியும், சிட்னியில் மெலிட்டா ஈகிள்ஸ். இன்றைக்கும் மால்டா வம்சாவளி என்று கணக்கெடுப்பில் எழுதுபவர்கள் இந்த நாட்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம்தான். அதை வைத்துப் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு என்பது சின்னக் காரியம் இல்லை.

கிரீன் கலி 1955இல் அஜாக்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. உங்கள் வீட்டில் இருந்து கீலர் டவுன்ஸ் பக்கம் போனால் அவர்கள் மைதானம். கவலியர்ஸ் என்பது அவர்களுக்குப் பட்டப்பெயர். என்னை முதன்முதலில் இழுத்துக்கொண்டு போனது ஜோர்ஜ் கிராஸுக்கும் கிரீன் கலிக்கும் நடந்த ஒரு ஆட்டத்துக்குத்தான். ஒரே நாட்டு ஆட்கள், ஒரே தொழிற்சாலையில் வேலை, சில வீட்டில் அண்ணன் அங்கே தம்பி இங்கே. ஆனால் அன்று பின்னேரம் கேட்ட தூஷணம் எல்லாம் மால்டீஸில்தான். மற்றவனுக்கு விளங்காது என்ற துணிவு. ஏன் இப்படி என்று கேட்டேன். மால்டாவில் ஒரு கிராமத்துக்கு இரண்டு பாண்ட் வாத்தியக் கழகங்கள் இருக்குமாம். திருவிழாவில் யார் வாணம் பெரிது, யார் வாத்தியம் பெரிது என்று பரம்பரைப் போட்டி. அதைத்தான் இங்கே பந்தை வைத்து நடத்துகிறோம் என்றார்கள்.

அரைத் தொழில்முறை என்றால் என்ன என்பதையும் அங்கேதான் பார்த்தேன். சம்பளம் என்று கையில் கொடுப்பது ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற தொகை, அதுவும் வாடகைக்குக் காணாது. பகலில் வெல்டிங் வேலை, கிழமையில் இரண்டு மூன்று இரவு பயிற்சி, ஞாயிறு ஆட்டம். எங்கள் தொழிற்சாலையிலேயே ஒருவன் கீழ் அணியில் ஆடினான். திங்கள் ஷிஃப்டுக்கு நொண்டிக்கொண்டு வருவான். ஃபோர்மன் பார்த்தும் பார்க்காதவர் போல அவனை இருந்து செய்யும் வேலையில் போட்டுவிடுவார். தோற்றிருந்தால் மட்டும் பெட்டி தூக்கச் சொல்வார்.

ஏன் கீழே போனது என்பதற்கு ஒரு காரணம் சொன்னால் போதாது. அடிலெய்டு, பிரிஸ்பேன் என்று அணியை விமானத்தில் அனுப்ப வேண்டும், டிக்கெட் விற்ற காசில் அது நடக்காது. 1987இல் 24 கழகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தபோது கிரீன் கலி வெளியே வந்தது. ஜோர்ஜ் கிராஸ் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் மாநில லீக்குக்கு வந்தது. எழுபதுகளின் பின்பாதிக்குப் பிறகு மால்டாவில் இருந்து ஆள் வருவதும் குறைந்துவிட்டது. மகன் வருவான், பேரன் ஃபுட்டி பார்ப்பான். சன்ஷைனில் இருந்த குடும்பங்கள் டெய்லர்ஸ் லேக்ஸ், கரோலின் ஸ்பிரிங்ஸ், மெல்டன் என்று இன்னும் மேற்கே போய்விட்டன. கடைசியில் கழகமும் சன்ஷைன் சாப்ளின் ரிசர்வை விட்டுவிட்டு அதே வழியில் உங்கள் பக்கம் வந்து சேர்ந்து, பெயரில் சன்ஷைனை எடுத்துக் கரோலின் ஸ்பிரிங்ஸைப் போட்டுக்கொண்டது. ஜோர்ஜ் கிராஸை எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கை வலிக்கிறது. மிச்சம் பிறகு.

குமரன்_மேற்குமெல்போர்ன்

ஐயா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பையனிடம் 214 பேர் கதையைச் சொன்னேன். "டச்சில் ஃபெயில் ஆனா நானும் ஸ்கூலுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்கிறான்.

இரண்டு சின்னக் கேள்வி. கெவின் மஸ்கட் இந்த கிளப்பில் ஆடியவர் என்று ஒருவர் சொன்னார், சரியா? அப்புறம், இனப் பெயர் வைத்த கிளப்புகள் எல்லாம் பெயரை மாற்ற வேண்டும் என்று ஒரு விதி இருந்ததாமே, அது இவர்களைத் தொடவில்லையா?

பிளாக்டவுன்_அக்கா

சிட்னி பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன், பெரியவர் கொஞ்சம் கையை ஆற்றிக்கொள்ளட்டும்.

இங்கே மால்டாக்காரர்கள் தொழிற்சாலை வேலைக்கு மட்டும் போகவில்லை. பெண்டில் ஹில், கிரேஸ்டேன்ஸ், பிளாக்டவுன் பக்கம் காய்கறித் தோட்டமும் கோழிப் பண்ணையும் வைத்தார்கள். இன்றைக்கு நாம் தோசை மாவு வாங்கும் பெண்டில் ஹில்தான்! நாங்கள் வீடு வாங்கிய தெருவில் மூன்று வீடு மால்டாக் குடும்பங்கள். பின்பக்கம் முழுக்கத் தோட்டம், வேலி மேல் எட்டி ஒரு பை நிறைய பிராட் பீன்ஸ் கொடுப்பார்கள். பதிலுக்கு முருங்கைக்காய் கொடுத்தேன், அதை எப்படித் தின்பது என்று செய்து காட்ட வேண்டியதாயிற்று.

மெலிட்டா ஈகிள்ஸ் 1956இல் தொடங்கியது. மெலிட்டா என்றால் மால்டாவின் பழைய ரோமானியப் பெயர். கிரான்வில் பக்கம் மெலிட்டா ஸ்டேடியம் என்றே மைதானம். தேசிய லீக்கில் பரமட்டா மெலிட்டா என்றார்கள், அப்புறம் மெலிட்டாவை விட்டுவிட்டுப் பரமட்டா ஈகிள்ஸ். குமரன், நீங்கள் கேட்ட பெயர் விவகாரம் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் போனது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மெல்போர்ன் கிளப்புகளைவிடச் சிட்னி கிளப்புகள் சிலவற்றுக்குப் பணம் அதிகம். காரணம் போக்கி மெஷின், அதாவது காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின். நியூ சவுத் வேல்ஸில் 1956லேயே பதிவு பெற்ற கிளப்புகளில் அதைச் சட்டப்படி வைக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள், விக்டோரியாவில் தொண்ணூறுகளில்தான் வந்தது. மார்க்கோனி மாதிரி இத்தாலியக் கிளப்புக்கு ரெஸ்டாரன்ட், ஹால், மெஷின் எல்லாம் சேர்ந்து ஒரு சாம்ராஜ்யமே உண்டு. பாட்டிமார் பென்ஷன் காசில் பிள்ளைகள் கால்பந்து ஆடினார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. ஆனால் அது இல்லாமல் மெல்போர்ன்காரர்கள் சாசேஜ் விற்றும் ராஃபிள் சீட்டு விற்றும் தேசிய லீக்கில் நின்றார்கள் என்றால், அது பெரிய விஷயம்தான்.

பழைய_சன்ஷைன்

அக்கா சொன்ன மெஷின் கணக்கு நூற்றுக்கு நூறு. நானே அந்த ராஃபிள் சீட்டு வாங்கியிருக்கிறேன். பரிசு எப்போதும் ஒரு தட்டு இறைச்சி. ஒருநாளும் விழவில்லை.

மஸ்கட் விஷயம் சரி. மால்டாப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்து வளர்ந்தவர். மேல்மட்ட ஆட்டத்தை சன்ஷைன் ஜோர்ஜ் கிராஸில்தான் தொடங்கினார். பிறகு சவுத் மெல்பேர்ண், இங்கிலாந்தில் கிரிஸ்டல் பாலஸ், வுல்வ்ஸ், ஸ்கொட்லாந்தில் ரேஞ்சர்ஸ், திரும்பி வந்து மெல்பேர்ண் விக்டரி கப்டன். 2001 நவம்பரில் எம்.சி.ஜி.யில் உருகுவேக்கு எதிராக பெனால்டி அடித்து ஒன்றுக்குப் பூச்சியம் வென்று கொடுத்தாரே, அவர்தான். அடுத்த ஆட்டத்தில் மொன்டவிடியோவில் மூன்று வாங்கி உலகக் கிண்ணம் போகாமல் விட்டது வேறு கதை. பயிற்சியாளராக யோகோஹாமாவுக்கு 2022இல் ஜப்பான் பட்டம், ஷாங்காய்க்கு 2024இல் சீனப் பட்டம். முரட்டு ஆட்டக்காரர், எனக்கு அவர் டாக்கிளிங் பிடிப்பதே இல்லை. மகன் அதைப் பார்த்துப் பழகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விதி: தொண்ணூறுகளில் டேவிட் ஹில் தலைமையில் சாக்கர் நிர்வாகம், இனச் சின்னம், இனப் பெயர் எல்லாவற்றையும் கழற்று என்று கழகங்களை நெருக்கியது. மெல்பேர்ண் குரோவாசியா மெல்பேர்ண் நைட்ஸ் ஆனதும் தொண்ணூறுகளில்தான். 2004இல் பழைய லீக்கையே மூடிவிட்டு, அடுத்த வருஷம் எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத கழகங்களோடு ஏ-லீக் தொடங்கினார்கள். மறுபடி 2014இல் கழக அடையாளக் கொள்கை என்று ஒன்று வந்தது, 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு புயலிலும் ஜோர்ஜ் கிராஸ் என்ற பெயரில் யாராலும் கைவைக்க முடியவில்லை. பிரிட்டிஷ் மன்னர் பதக்கத்தை எப்படி அந்நியப் பெயர் என்று சொல்வது? 1947இல் அந்த ஆட்கள் இவ்வளவு தூரம் யோசித்து வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மெலிட்டா என்பது சிட்னியில் பெயரில் இருந்து போனது, இங்கே ஜோர்ஜ் கிராஸ் நின்றது.

கிரீன் கலியையும் மறக்க வேண்டாம். அதில் ஊர்ப் பள்ளத்தின் பெயர்தான் இருக்கிறது, அதுவும் தப்பித்தது. 2010இலும் 2011இலும் அடுத்தடுத்து விக்டோரியா மாநிலப் பட்டம் வாங்கினார்கள்.

என்னைக் கேட்டால் அந்த விதியே தேவையில்லாத வேலை. இந்தப் பெயர்களுக்காகத்தான் மனிதர் மழையில் கோடு போட்டார்கள், வலை கட்டினார்கள், சம்பளம் இல்லாமல் சிறுவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெயரை எடுத்தால் அந்த ஆளும் வீட்டுக்குப் போய்விடுவான், அந்த வேலைக்கு அப்புறம் காசு கொடுக்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் கேட்டு அதிர்ந்த அந்த ஆயிரக்கணக்கான ஃபீஸில் ஒரு பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

ரகு_டார்னீட்

ஒத்துக்கொள்ளாதவன் ஒருவன் இங்கேயே இருக்கிறேன். பெயரைப் பார்த்தே குமரன் அண்ணன் ‘நம் பிள்ளை ஒட்டுமா’ என்று யோசித்தாரே, அதைத்தானே அந்த விதி சரிசெய்யப் பார்த்தது? ஜார்ஜ் கிராஸ் சரி. நேரடியாக ஒரு நாட்டுப் பெயர் இருந்தால் நான் என் மகளைக் கூட்டிப்போவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பேன்.

பழைய_சன்ஷைன்

நியாயமான பேச்சு. யோசியுங்கள், ஆனால் போய்ப் பார்த்துவிட்டு யோசியுங்கள். இந்த மேற்குப் பக்கத்தில் எந்தக் கழகத்தின் பிள்ளைகள் அணிப் பட்டியலை எடுத்தாலும் வியட்நாம், சூடான், பஞ்சாப், பிலிப்பைன்ஸ் எல்லாம் கலந்துதான் கிடக்கும். கமிட்டி மேசையில் வேண்டுமானால் பழைய குடும்பப் பெயர்கள் இருக்கலாம். வேலை செய்ய ஆள் வந்தால் அவர்களும் நாற்காலியை விட்டுக்கொடுக்கத் தயார், இத்தனை வருஷத்தில் அவர்களுக்கும் முழங்கால் போய்விட்டது.

குமரன், செய்ய வேண்டியது இதுதான். குளிர்காலப் பருவம் முடிந்த பிறகுதான் அடுத்த வருஷத்துத் தெரிவு ஆட்டங்கள் வைப்பார்கள், கழகத்தின் பக்கத்தில் அறிவிப்பு வரும். தெரிவு அணிகளுக்கு ஒரு ஃபீஸ், சும்மா வாரக் கடைசியில் ஆடும் அணிகளுக்கு வேறு ஃபீஸ், இரண்டையும் கேளுங்கள். பதினொரு வயதுக்கு இரண்டாவதே போதும். மாநில அரசு சிறுவர் விளையாட்டுச் செலவுக்கு வவுச்சர் கொடுத்திருக்கிறது, இப்போது ஏதாவது சுற்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷின் பாட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்காதீர்கள், கொப்புளம் போடும். விண்ணப்பத்தில் ‘பெற்றோர் உதவி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கான்டீன் என்று போடுங்கள். கோடு போடும் வேலை விடிகாலையில்.